ரயிலில் வந்ததாகச் சொன்னேன்

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை காலை, தென்காசி ரயில் நிலையத்தின் வாசலில் ஒரு பையோடு நின்றிருந்தேன். சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் இன்னும் வந்திருக்கவில்லை. அது வந்து ஆட்கள் இறங்கியதும், அந்தக் கூட்டத்தோடு கலந்து ஓர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகவேண்டும். ரயிலில் வருவதாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் புதன்கிழமையே ஒரு தோழியின் காரில் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டேன். அவள் என்னை நிலையத்துக்குச் சற்று முன்னால் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனாள். கையசைக்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள், வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

எனக்கு அப்போது 41 வயது. கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சம்பளம், வீட்டுக் கடன், வருமான வரி எல்லாம் என் பெயரில்தான். நாட்டுக்குள் எங்கும் தடையின்றிப் போய்வரும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் தந்திருக்கிறது என்று மாணவிகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட ஒருத்தி, தான் வராத ரயிலுக்காக ஊர் நிலையத்தின் வாசலில் காத்து நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நான் செய்தது தவறா? தவறென்றால் யாருக்குச் செய்த தவறு?

தோழியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். “இத்தன நாளு இல்லாத பேரு இப்ப எதுக்கு?” என்றாள். அது போதுமான பதில்.

அவளும் நானும் திருநெல்வேலியில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தோம். பிறகு இருவரும் சென்னைக்குப் போனோம். அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, பதினாறு வருடம் கழித்து அந்த ஏப்ரலில் விவாகரத்தும் ஆயிற்று. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை வாங்கிக்கொண்டாள். ஊரில் அக்கா இருக்கிறாள், ஆனால் அக்கா வீட்டில் இவளுக்கு இடமில்லை. ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பார்த்து முன்பணம் கொடுத்தாயிற்று. இனி போய்ச் சேரவேண்டியதுதான். சாமான்களை லாரியில் போடும் அளவுக்கு எதுவும் இல்லை. மிக்ஸி, குக்கர், இரண்டு சாக்கில் புத்தகம், பின் இருக்கையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. எல்லாம் அவளுடைய பழைய காரில் ஏறிவிட்டன. ஓட்டுநர் உரிமம் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. “தனியா ஓட்டிக்கிட்டுப் போயிருவேன். ஆனா தனியாப் போய் எறங்க முடியாது” என்றாள். அதனால் நான் கூட வந்தேன்.

அம்மாவிடம் சொன்னது இது: விடைத்தாள் திருத்தும் வேலை வெள்ளிக்கிழமை வரை இருக்கிறது, சனிக்கிழமை காலை பொதிகையில் வந்துவிடுவேன்.

சென்னையிலிருந்து தென்காசிக்கு அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம். நாங்கள் மூன்று ராத்திரி எடுத்துக்கொண்டோம். இருட்டினால் அவள் ஓட்டமாட்டாள் என்பது ஒரு காரணம். லாரியைக் கண்டால் வேகம் குறைப்பாள், பஸ்ஸைக் கண்டால் ஒதுங்குவாள். பெரிய காரணம், அவளுக்குப் போய்ச்சேர அவசரமில்லை. முதல் ராத்திரி திருச்சி. விடுதி வரவேற்பில் இருந்த பையன் இரண்டு ஆதார் அட்டைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஜென்ட்ஸ் பின்னால வர்றாங்களா மேடம்?” என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். “வரல” என்றாள் அவள். அவன் சாவியைக் கொடுத்துவிட்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது, அவசியம் போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னான். அவன் சொன்ன விதத்தில் இருவருக்குமே ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரை. அன்று ராத்திரி எனக்கு வேறொன்று தோன்றியது. துவரங்குறிச்சிப் பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி எங்களை உரசுவது போலப் போயிருந்தது. ஏதாவது ஆகியிருந்தால்? நான் சென்னையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பாள். எங்கே தேடுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நம்மைப் பற்றிக் கவலைப்படுகிற ஒருவருக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். அனுமதி கொடுக்கும் உரிமை வேறு, தகவல் தெரிந்துகொள்ளும் உரிமை வேறு. சிக்கல் என்னவென்றால், நம் வீடுகளில் பெண்கள் தகவலைத் தகவலாகச் சொல்லவே முடிவதில்லை. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே “போயிட்டு வாரேன்” என்பான். நான் “போயிட்டு வரட்டுமா?” என்பேன். அந்தக் கேள்விக்குறி என் வாயில் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் திருமங்கலத்தில் கொல்லம் சாலைக்குத் திரும்பினோம். ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்கத்தில் மலை கூடவே வரத் தொடங்கிவிடும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று ஊர்கள் ஒவ்வொன்றாய் வர, அவள் காரை இன்னும் மெதுவாக ஓட்டினாள். “ஊருக்குப் போற வழி இவ்வளவு சின்னதுன்னு தெரியாமப் போச்சே” என்றாள். பிறகு ஓர் ஒத்திகை ஆரம்பித்தோம். ஊரில் யார் யார் என்ன கேட்பார்கள், அவள் என்ன பதில் சொல்வாள் என்று. நான் பெரியம்மாவாக, பக்கத்து வீட்டு ஆச்சியாக, பள்ளித் தலைமையாசிரியராக மாறி மாறிக் கேட்டேன். “வீட்டுக்காரரு எங்கம்மா இருக்காரு?” “அவரு சென்னையில. நாங்க பிரிஞ்சிட்டோம்.” “அய்யோ, புள்ளைங்க?” “இல்ல.” முதலில் குரல் நடுங்கியது. ஆறேழு தடவைக்குப் பிறகு தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொல்ல வந்துவிட்டது.

புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே நாங்கள் நின்றபோது அம்மா போன் செய்தாள். “பேப்பரெல்லாம் திருத்தி முடிஞ்சாட்டி?”

“இன்னும் ஒரு கட்டு இருக்கும்மா.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. “என்ன சத்தம்?”

“காலேஜுக்கு வெளிய, ரோட்டுல.”

என் பக்கத்தில் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரமாக உண்மையைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தவள் அவள். கடையநல்லூர் வரும்வரை பேசவில்லை. பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “ஒன் பேப்பர்க் கட்டுல நான் எத்தனாவது பேப்பரு?”

அன்று ராத்திரி குற்றாலத்தில் தங்கினோம். சாரல் தொடங்கியிருந்தது. விடியும் முன்பே பேரருவிக்குப் போனோம். மலையிலிருந்து வருகிற தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்துதான் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் யாரும் அடியில் நிற்க முடியாது என்பார்கள். பெண்கள் பகுதியில் ஏற்கெனவே முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். சேலையோடும் நைட்டியோடும் சுடிதாரோடும், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் தோழியின் கையை இழுத்து அருவிக்கு உள்ளே நிறுத்தினார். யார், எந்த ஊர், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழாது. அவள் வெகு நேரம் வெளியே வரவில்லை. அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அருவிக்கு அடியில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அங்கிருந்துதான் நேராக ரயில் நிலையத்துக்குப் போனோம்.

ஆட்டோவில் வீட்டுக்குப் போய் இறங்கினேன். அப்பா திண்ணையில் பேப்பரோடு இருந்தார். “வண்டி லேட்டோ?” என்றார். “கொஞ்சம்” என்றேன். அம்மா காப்பித் தம்ளரை நீட்டியவள், என் தலையைப் பார்த்தாள். பின்னலின் நுனியிலிருந்து ஜாக்கெட்டில் இன்னும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் யோசித்திருக்கவே இல்லை. மூன்று நாளாகக் கட்டிய பொய்க்கு ஒரு துண்டு தேவைப்பட்டிருக்கிறது.

“ஏட்டி,” என்றாள் அம்மா, அப்பாவுக்குக் கேட்காத குரலில், “ரயில்ல இப்ப அருவியும் விட்டிருக்கானா?”

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

பொய்யைப் பற்றித் தத்துவக்காரர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். வகுப்பில் சொல்லித்தரும் சண்டை 1797இல் நடந்தது. உண்மையைக் கேட்க உரிமை உள்ளவரிடம்தான் உண்மை பேசும் கடமை இருக்கிறது என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட். அப்படியெல்லாம் இல்லை என்று ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் நண்பன் உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறான், அவனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று ‘உள்ளே இருக்கிறானா’ என்று கேட்கிறான், அவனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்பது கான்ட்டின் முடிவு. மாணவிகள் ஒவ்வொரு வருடமும் இதைக் கேட்டுக் கொதிப்பார்கள். நானும் கான்ஸ்டன்ட் பக்கம்தான். 41 வயதுப் பெண் யாருடன் எந்தச் சாலையில் போகிறாள் என்பதைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. இல்லாத அதிகாரத்தோடு கேட்கப்படும் கேள்விக்கு உண்மையான பதிலைக் கடனாகச் செலுத்தவேண்டியதும் இல்லை. ரயில் நிலையத்தில் நின்றபோது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம் இதுதான்.

அந்த உதாரணத்தைப் பிறகு ஒருநாள் என் கதையோடு வைத்துப் பார்த்தேன். அங்கே வீட்டுக்குள் பத்திரமாக இருப்பது நண்பன், வெளியே நிற்பது கொலைகாரன். பொய் நண்பனைக் காப்பாற்றுகிறது. என் கதையில் வீட்டுக்குள் இருந்தது நானும் அம்மாவும் அப்பாவும். வெளியே நின்றது தோழி. என் பொய் அவளை வாசலிலேயே நிறுத்திவைத்தது.

அமெரிக்கக் கவி அட்ரியன் ரிச் 1975இல் பெண்களும் பொய்யும் பற்றி ஓர் உரை வாசித்தார், பின்னால் அது நூலிலும் வந்தது. ஆண்களின் உலகத்தில் பிழைத்துக்கிடக்கப் பெண்கள் பொய் சொல்லப் பழக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. அவரை உறுத்தியது, அந்தப் பழக்கம் பெண்களுக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்துகொள்வது. நான் யாரிடம் பொய் சொன்னேன்? அப்பா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்பது அம்மாதான். அப்பாவுக்காக அம்மா கேட்கிறாள். அப்பா தெருவுக்காகக் கேட்கவைக்கிறார். கேள்வி எங்கோ புறப்பட்டாலும், அதை வாயால் கேட்கிற வேலையும் பொய்யைக் காதில் வாங்கிக்கொள்கிற வேலையும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகின்றன.

பழைய தமிழ் இலக்கணத்தில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு. மகளின் காதலைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்துவதை ‘அறத்தொடு நிற்றல்’ என்கிறார்கள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள், அவள் வழியாகத் தந்தையும் அண்ணன்மாரும் அறிவார்கள். எங்கள் வீட்டுப் பாதையேதான். தொல்காப்பியம் இதற்கு ஏழு வகை சொல்கிறது. அவனை எளியவன் என்று காட்டலாம், புகழ்ந்து சொல்லலாம், ஒரு காரணம் கற்பிக்கலாம், தற்செயலாகச் சந்தித்தார்கள் எனலாம். உள்ளதை உள்ளபடி சொல்வது ஏழாவதாக, கடைசியில்தான் வருகிறது. மற்ற ஆறும் சுற்றுவழிகள். அவற்றையும் சேர்த்துத்தான் ‘அறம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டின் நிலைமை தெரிந்த யாரோ வகுத்த பட்டியல் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அந்தத் தோழியைக் கொஞ்சம் பாருங்கள். தலைவி உடன்போக்கில் தலைவனோடு பாலைவழியில் போவாள். தோழி அனுப்பிவைப்பாள், வீட்டில் இருந்து கேள்விகளைத் தாங்குவாள். அவளுக்குப் பெயர் இல்லை, அவளுக்கென்று காதல் இல்லை, அவளுக்கென்று ஒரு வழிப்பயணமும் இல்லை. தலைவியும் தோழியும் சேர்ந்து, தலைவன் யாரும் இல்லாமல், நான்கு நாள் சாலையில் போனார்கள் என்பதற்கு அகத்திணையில் ஒரு துறை இருப்பதாக நான் படித்ததில்லை. காதலன் ஒருவன் இருந்திருந்தால் அம்மாவிடம் சொல்வதற்கு எனக்கு வார்த்தையாவது கிடைத்திருக்கும். சண்டையாவது நடந்திருக்கும். “ஒரு ஃப்ரெண்டோட கார்ல வந்தேன்” என்பதற்குச் சண்டைகூடக் கிடையாது. “எந்த ஃப்ரெண்டு? எந்தத் தெரு?” என்ற கேள்விதான் வரும்.

எந்தத் தெரு. எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்டதாக அர்த்தம். கல்லூரி நாட்களில் விடுமுறைக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. அப்போதும் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். ஆகவே காரில் வந்ததை மறைத்தேன் என்பது சரியில்லை. இருபது வருடமாக அவளைத்தான் மறைத்து வந்திருக்கிறேன். இந்தத் தடவை காரும் சேர்ந்துகொண்டது. இதை எழுதும்போதுதான் எனக்கே சரியாகத் தெரிகிறது.

குற்றாலத்துக்காரர்களுக்குச் சொந்தமான ஒருத்தி இருக்கிறாள். குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில் வருகிற சிங்கி. ஊர் ஊராகப் போய்க் குறி சொல்கிறவள். தேடிக் களைத்து வந்த சிங்கன், என்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கிறான். பெண்களுக்குக் குறி சொல்லப் போனேன் என்கிறாள். பிறகு அவள் உடம்பில் கிடக்கும் ஒவ்வொரு நகையாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று விசாரணை. ஒவ்வொன்றுக்கும் அவள் ஊர்ப்பெயரோடு பதில் சொல்கிறாள். அந்த விசாரணையை வைத்து அவையைச் சிரிக்கவைக்கிறார் கவிராயர், ஒரு குறத்தியைக் காட்டிச் சிரிக்கவைப்பதில் இருக்கிற மேல்தட்டுச் சுகமும் அதில் உண்டு. ஆனாலும் எனக்குப் பிடித்தது, சிங்கி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவள் போனது வேலைக்கு, போட்டிருப்பது சம்பாத்தியம். அதே நூலின் தலைவி வசந்தவல்லி பந்தாடுவதும் மயங்குவதும் தன் தெருவுக்குள்தான். நடமாட்டம் உழைக்கிறவளுக்கு, தெரு உயர்ந்தவளுக்கு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். புளியங்குடித் தோட்டங்களுக்கு விடியற்காலையில் லோடு ஆட்டோவில் நின்றுகொண்டே போகிற பெண்கள் எங்களைப் போல ரயில் நாடகம் ஆடுவதில்லை. என்னுடைய பொய் ஒரு குறிப்பிட்ட தெருவின் பொய்.

நவம்பரில் மழையோடு காய்ச்சலும் வந்தது. நான் சென்னையில் இருந்தேன். அவள் மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்தவள், எழுந்து வெந்நீர் வைக்க முடியவில்லை என்றாள். ரத்தப் பரிசோதனைக்குப் போக ஆள் இல்லை. அவள் அறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது.

“அம்மாவப் போகச் சொல்லுதேன்” என்றேன்.

“வேண்டாம். யாருன்னு சொல்லி அனுப்புவ?”

என் பொய்யின் விலை அந்த மூன்று நாள். அதை அவள் கட்டினாள். ஏமாற்றப்பட்டவள் என்று நான் நினைத்திருந்த அம்மா ஈரத்தலையைப் பார்த்த நிமிடமே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டாள், அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பொய்யில் உடந்தையாக இருந்தவள், காரின் விளக்கைக்கூட அணைத்துவிட்டு என்னை இறக்கிவிட்டவள், ஒரு வீட்டை இழந்திருந்தாள். நான் சொல்லியிருந்தால் அது அவள் நடந்து வரக்கூடிய வீடாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம். இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்பையே நான் எடுத்துவிட்டேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏழு வகையில் எந்த வகையும் தோன்றவில்லை. ஜூனில் காரில் வந்தது, அவள் யார், புருஷனை விட்டு வந்தவள், எந்தத் தெரு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் புள்ள எங்கன கெடக்கா, அதச் சொல்லு மொதல்ல” என்றாள்.

ஒரு மணி நேரத்தில் ரசமும் இட்லியும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு அழைத்து வந்து, பின்கட்டு அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்திருக்கிறாள். இதை இங்கேயே நிறுத்தினால் அம்மாவுக்கு ஒரு நல்ல கதை கிடைக்கும். ஆனால் தெருவில் கேட்டவர்களிடம் அம்மா சொன்னது: “எங்க சித்தப்பா பேத்தி. சென்னையில இருந்து வந்திருக்கா. மேலுக்குச் சுகமில்ல.” அப்பாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் இப்படி ஒன்று செய்கிறார். கண்ணகியையும் கோவலனையும் வழியில் ஒரு வம்புக்காரக் கூட்டாளி ஜோடி பார்த்து இவர்கள் யார் என்று கேட்க, என் மக்கள் என்கிறார் அந்தச் சமணத் துறவி. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று கேலி செய்த அந்த இருவரும் அவர் சாபத்தால் நரியாகிப் போகிறார்கள். வழியில் வருகிறவர்களைக் காப்பாற்ற உறவுமுறையை எடுத்துப் போர்த்துவது பழைய வழக்கம்தான் போலிருக்கிறது. அதை அம்மாவின் பக்கத்து நியாயமாகத் தோழியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள் என்று போனில் தெரிந்தது.

“நல்ல மனுஷிதான் ஒங்கம்மா. இல்லன்னு சொல்லல,” என்றாள். “ரசத்தோட சேத்து ஒரு வாரத்துக்குச் சாதியும் குடுத்துட்டாங்க. நாளைக்கு ரூமுக்குப் போகையில திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவேன்.”

எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. அம்மா செய்ததைப் பொய் என்று நான் சொன்னால், அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? கருணை என்று சொன்னால், அந்தக் கருணைக்குள் அவள் அவளாக ஒரு நாள்கூட இருக்கவில்லையே. எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தது எங்கள் சித்தப்பா பேத்தி. ரயில் நிலையத்தில் நான் செய்ததை அம்மா இன்னும் அக்கறையோடு, இன்னும் வெந்நீரோடு செய்திருக்கிறாள். என்னுடையதைவிட அது மேலான பொய் என்பதில் சந்தேகமில்லை. என்னுடையது அவளை வெளியே நிறுத்தியது, அம்மாவுடையது உள்ளே கொண்டுவந்தது. ஆனால் உள்ளே வந்தது யார் என்று தோழி கேட்கிறாள். அவள் கேட்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கும் சொந்தமாக ஒரு பொய் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்றிலிருந்து அம்மாவும் தெருவில் இரண்டு மூன்று பேரும் சாரல் காலத்தில் குற்றாலம் போய்வருகிறார்கள். அப்பாவிடம் பணம் கேட்கவேண்டியதில்லை என்பதால் காரணம் சொல்லவும் பெரிதாக வேண்டியதில்லை. “கோயிலுக்கு” என்பாளாம். குற்றாலநாதர் கோயில் பேரருவிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அதனால் பொய்யும் இல்லை. குளித்துவிட்டு, தலையைக் காயவைத்துக்கொண்டு, விபூதியும் வைத்துக்கொண்டு வருவாளாம். இதைத் தோழிதான் எனக்குச் சொன்னாள். பின்கட்டில் இருந்த அந்த வாரத்தில் அம்மாவே அவளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னதில்லை.

இந்த ஜூனில் அவள் ஒரு வேலையாகச் சென்னைக்குக் காரில் வந்தாள். திரும்பும்போது நானும் போகிறேன் என்றேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“புதன்கெழம கெளம்புதோம்மா. கார்ல.”

“யாரு யாரு?”

தோழியின் பெயரைச் சொன்னேன். சித்தப்பா பேத்தி என்று சொல்லவில்லை.

“ராத்திரி எங்க தங்குவீங்க?”

“திருச்சியில ஒரு நாளு, மதுரையில ஒரு நாளு. அப்புறம் நேரா வீடு.”

“யாரு வீட்டுல?”

“லாட்ஜுலம்மா.”

போனில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது.

“கதவ நல்லாப் பூட்டிக்கிடுங்க. அவளுக்குப் புளிக்கொழம்பு பிடிக்கும், வச்சிருதேன்.” கொஞ்சம் தயங்கினாள். “ஆனா இங்க பாரு, தெருவுல யாரும் கேட்டா ரயிலுன்னுதான் நான் சொல்லுவேன். ஒங்கப்பாட்டயும் அப்படித்தான். அதனால வரும்போது அருவிக்குப் போறதாயிருந்தா, ரெண்டு பேரும் தலையக் காயவச்சிட்டு வாங்க.”